ஒரு ரிவால்வரும் மான் வேட்டை லைசன்ஸும்

அந்த வகை ரிவால்வரை நான் முதன்முதலில் பார்த்தபோது அது பாகம் பாகமாகக் கழற்றப்பட்டு, ஒரு பழைய குளியல் துண்டின் மேல் கிடந்தது. ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரரின் வீட்டுக் கராஜ் அது. தோட்டத்தில் எங்கள் டீம் மொத்தமும் பார்பெக்யூ அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. சைவக்காரியான எனக்கு அங்கே இருந்தது வாட்டிய சோளமும் சிப்ஸும்தான். அதைத் தின்றுவிட்டு, டெக்சாஸ் வெயிலுக்கு நிழல் தேடி உள்ளே போனேன். மனிதர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் திகைத்து நின்றுகொண்டிருந்தார்.

"வீடியோ பாத்துக் கழட்டிட்டேன். திரும்ப மாட்டத் தெரியல" என்றார். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே ஆங்கிலத்தில் நடந்த பேச்சையெல்லாம் என் காதில் விழுந்த மாதிரி தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஒரு பம்ப் கம்பெனியில் அசெம்பிளி பிரிவில் வேலை பார்த்தேன். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். பிறகு எங்கள் செட்டில் எல்லோரும் சாஃப்ட்வேருக்குத் தாவினார்கள், நானும் தாவினேன். இப்போது ஃப்ரிஸ்கோவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, கார் இடித்தவர்கள் இழப்பீடு கேட்கும் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிறேன். கடைசியாக ஒரு ஸ்பிரிங்கை எப்போது தொட்டேன் என்று அந்தக் கராஜில் யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

துண்டின் மேல் இருந்தவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். தோட்டாவை அடிக்கிற ஒரு சுத்தியல், ஒரு டிரிகர், சிலிண்டரை உந்தி நகர்த்துகிற விரல் நீளத் துண்டு, நகர்ந்த சிலிண்டரைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துகிற ஒரு பூட்டு, சில ஸ்பிரிங்குகள். இந்த வகையில் டிரிகரை மட்டும் இழுத்தால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு தடவையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும். அந்த ஒரே இழுப்பில் சிலிண்டர் சுழன்று, அடுத்த தோட்டா குழாய்க்கு நேராக வந்து நிற்கும். எது எதைத் தள்ளுகிறது என்பது புரிந்ததும் கை தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பூட்டி முடித்து, சுத்தியலை மெதுவாக இழுத்தேன். நான்கு சொடுக்குகள் கேட்டன. ஒவ்வொன்றும் ஒரு பாகம் தன் இடத்தில் போய் உட்காருகிற சத்தம்.

மேஜைக்காரர் கை தட்டினார். நான் கையைக் கழுவாமலே வீட்டுக்கு வந்தேன். காரில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களில் எண்ணெய் வாசனை இருந்தது.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதைப் பற்றிப் படிப்பதிலேயே போயிற்று. பழைய அமைப்பு எது, புதிய அமைப்பு எது, எந்த நீளக் குழாய்க்கு எடை எப்படி மாறும் என்றெல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது. சுடுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அந்த இயந்திரம் என்னுடையதாக வேண்டும், என் கையால் அதைக் கழற்றிப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே கணவரிடம் சொன்னேன்.

"துப்பாக்கியா? எதுக்கு?"

"புடிச்சிருக்கு."

"புடிச்சிருக்குன்னா ஒரு தையல் மெஷின் வாங்கிக்கோயேன். அதுலயும்தான் ஸ்பிரிங் இருக்கு."

"நான் சீரியஸா சொல்றேங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "நானும் சீரியஸாத்தான் சொல்றேன். நம்ம எல்லாரும் உன் விசாவைப் புடிச்சுத் தொங்கிட்டிருக்கோம். ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா என்ன பண்றது?"

"லீகலா வாங்கினா என்ன ஆகப்போகுது?"

"லீகலா இங்க இருக்கறதுக்கே இத்தனை வருஷமா லாயர் பின்னாடி அலையறோம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் வீட்டில் விசா என் பெயரில். என்னோடு ஒட்டி வந்தவர் என்ற முறையில்தான் அவருக்கு வேலை செய்ய அனுமதி. நான் கிரீன் கார்டு வரிசையில் நிற்க ஆரம்பித்தபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் ஹைஸ்கூல். வரிசை நகர்கிற வேகத்தைப் பார்த்தால் நான் ரிட்டையர் ஆகும்போது கிடைக்கலாம். இடையில் ஒருமுறை ஹூஸ்டனில் வால்வு செய்கிற ஒரு கம்பெனி என்னை இன்டர்வியூ செய்து, பிடித்திருக்கிறது என்றும் சொன்னது. ஆனால் அது வேறு தொழில், வேறு பதவி. கிரீன் கார்டு வேலையை அவர்கள் முதலிலிருந்து எடுத்துச் செய்ய வேண்டும் என்று லாயர் சொன்னதும் அந்தக் கம்பெனி மரியாதையாக விலகிக்கொண்டது. மறுநாள் காலை வழக்கம்போல கார் இடித்தவர்களின் இழப்பீட்டுக்குத் திரும்பினேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. நல்ல வீடு, நல்ல சம்பளம், பின்னால் ஒரு சின்னத் தோட்டம். ஆனால் எந்தப் பக்கம் காலை வைத்தாலும் யாரையாவது கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

துப்பாக்கிக் கடை ஒரு டோனட் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருந்தது. கவுன்ட்டரில் இருந்த இளைஞன், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைப்பைக்குள் அடங்குகிற ஒரு குட்டிப் பிஸ்டலை எடுத்து வைத்தான். பெண்களுக்கு இதுதான் வசதி என்றான். எனக்கு வேண்டியதைச் சொன்னேன். "ஓ, உங்க ஹஸ்பண்டுக்கா?" என்றான்.

"எனக்குத்தான்."

கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து புதுசாக ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கருநீல மெருகு, வால்நட் மரப் பிடி. காலியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு தோட்டா அறையாகப் பார்த்துவிட்டு, அவனிடம் அனுமதி கேட்டு, சுத்தியலை மிக மெதுவாக இழுத்தேன். சுத்தியல் பின்னால் போய் நின்றுவிட்டது. சிலிண்டர் மட்டும் மயிரிழை பின்தங்கி, பூட்டில் விழாமல் நின்றது. விரலால் லேசாகத் தள்ளிய பிறகுதான் சொடுக்கென்று விழுந்தது.

"இது சரியா டைம் ஆகல. உள்ள தள்ளுற பார்ட் கொஞ்சம் கட்டையா இருக்கு" என்றேன்.

இளைஞன் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தான். தோல் ஏப்ரன் கட்டிய ஒரு மனிதர் வந்தார். என் வயதுதான் இருக்கும். கடையின் பாதிச் சொந்தக்காரர், பழுது பார்ப்பவரும் அவரே. வாங்கி இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"பம்ப் ஃபேக்டரியில."

அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் இருந்ததை இழுத்தேன். நான்கு சொடுக்கும் ஒன்றையொன்று இடிக்காமல், நிதானமாக, தெளிவாக விழுந்தன. இதுதான் என்று தெரிந்துவிட்டது. கல்யாணப் புடவை எடுக்கும்போதுகூட எனக்கு அப்படித் தெரிந்ததில்லை.

"சிட்டிசனா? கிரீன் கார்டா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்ல. H1."

கையிலிருந்ததை மெதுவாக வாங்கிப் பெட்டியில் திரும்ப வைத்தார். விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது, ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது என்றார். "வேட்டை லைசன்ஸ் வெச்சிருந்தா வாங்கலாம்."

"நான் முட்டைகூடச் சாப்பிட மாட்டேன்."

"சாப்பிடணும்னு சட்டத்துல இல்ல" என்றார் அவர்.

அப்படித்தான், பரம்பரைச் சைவமான நான், டெக்சாஸ் மாநிலத்தின் வேட்டைப் பாதுகாப்புப் பாடத்தில் சேர்ந்தேன். எல்லாம் ஆன்லைன். ஆரஞ்சு நிறச் சட்டை ஏன் போட வேண்டும், வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எங்கே வைக்க வேண்டும், மான் எந்தக் கோணத்தில் நின்றால் சுடலாம், எந்தக் கோணத்தில் சுடக் கூடாது. கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கரப்பான் பூச்சியை அடிக்க என்னைக் கூப்பிடுற ஆளு, மான் சுடப் போறா" என்று சென்னையில் இருக்கும் தம்பிக்கு போன் செய்து சொன்னார். அவர் சிரித்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. சிரிக்கிறவர் தடுக்க மாட்டார்.

மகள் சிரிக்கவில்லை. ஒரு சாயங்காலம் நான் டைனிங் டேபிளில் பாடத்தைத் திறந்து வைத்துவிட்டு, குக்கரை அணைக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கவாட்டில் நிற்கும் மான். அதன் முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சிவப்பு வட்டம்.

"என்னம்மா இது?"

விளக்கமாகச் சொன்னேன். இயந்திரம், சொடுக்கு, கோயம்புத்தூர் எல்லாவற்றையும் சொன்னேன். நான் தமிழில் சொல்ல, அவள் வழக்கம்போல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

"யாராவது துப்பாக்கியோட வந்தா எப்படி ஒளியணும்னு ஸ்கூல்ல எங்களுக்கு டிரில் இருக்குன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"தெரியாது. கதவைப் பூட்டி லைட்டை அணைச்சிடுவாங்க. ஆர்ட் ரூம்ல மேஜைக்குக் கீழ உக்காந்திருப்போம். போன தடவை ஒரு பொண்ணுக்கு இருமல் வந்துடுச்சு. அடக்க அடக்க வருது. எல்லாரும் அவளை ஒரு மாதிரி பாத்தாங்க. நானும் பாத்தேன். அவ என் ஃப்ரெண்டு."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் லேப்டாப்பை மூடினேன்.

அதன் பிறகு பல வாரங்கள் அந்தப் பாடத்தைத் திறக்கவில்லை. விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். ஆனால் அதே சமயத்தில் ஆபீசில் எங்கள் பிரிவை வேறொரு பிரிவோடு சேர்த்தார்கள். புது மேனேஜர் எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்து, யார் வேலைக்கும் ஆபத்தில்லை என்று சொன்னார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று விசாவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அன்று வீட்டுக்கு வருகிற வழியில், டோல்வேயில் நெரிசலில் நின்றபோது ஒன்று தோன்றியது. இந்த வீடு பள்ளிக்கூடத்தைப் பார்த்து வாங்கியது. இந்த வேலை விசாவைப் பார்த்து எடுத்தது. இந்தக் கார்கூட லீஸ் முடிகிற தேதியைப் பார்த்து எடுத்தது. ஆசைப்பட்டு எடுத்தது என்று என்னிடம் என்ன இருக்கிறது? ஒன்றாவது இருக்கட்டும் என்ற பிடிவாதம் வந்தது. அது நியாயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மகளிடம் போய்ச் சொன்னேன். "வாங்கத்தான் போறேன். கராஜ்ல செவுத்தோட சேத்து, நம்பர் பூட்டு போட்ட ஒரு ஸ்டீல் பெட்டி அடிப்பேன். அதுக்குள்ளதான் இருக்கும். தோட்டா வீட்டுக்குள்ள வராது. ரேஞ்சுல வாங்கி ரேஞ்சுலயே தீத்துடுவேன்."

அவள் தமிழில் சொன்னாள், "எனக்குப் பெட்டியோட நம்பரைச் சொல்லாதே. எப்பவும் சொல்லாதே."

பாடத்தை முடித்தேன். லைசன்ஸ் வந்தது. சுட்ட மானுக்கும் வான்கோழிக்கும் கட்டுவதற்கான அடையாளச் சீட்டுகள் அதோடு ஒட்டியே வந்தன. கடைக்குப் போய்ப் படிவத்தை நிரப்பினேன். ஏப்ரன்காரர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், அமெரிக்காவில் எதுவரை இருக்கலாம் என்று போட்டிருக்கிற தேதியைப் பார்த்தார். அது அப்போதுதான் கடந்திருந்தது. விசா நீட்டிப்புக்குக் கம்பெனி விண்ணப்பித்திருந்தது. முடிவு வரும்வரை நான் இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம்.

"இப்ப நீங்க இதை வாங்கலாமான்னு எனக்குத் தெரியல" என்றார். "தெரியாம வித்தா என் லைசன்ஸ் போயிடும். உங்க பேப்பர் வரட்டும். இது உங்களோடதுதான், வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்." ஒரு அட்டையில் என் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதி டிரிகர் வளையத்தில் கட்டி, உள்ளறைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.

பேப்பர் வரவில்லை. மாதங்கள் போயின. சனிக்கிழமைகளில் மகளை டிபேட் வகுப்பில் இறக்கிவிட்டால் எனக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். அந்தக் கடை பக்கத்தில்தான் இருந்தது. முதலில் விசாரிக்கப் போனேன், பிறகு சும்மாவே போக ஆரம்பித்தேன். அவர் பின்னறையில் வேலை செய்வார், நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பேன். அவருக்கு இரண்டு கட்டைவிரல் மூட்டிலும் வாதம். சின்ன ஸ்க்ரூவைப் பிடிக்கும்போது முகம் சுளிக்கும்.

ஒருநாள் பழைய ரிவால்வர் ஒன்றின் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டிருந்தார். அது நழுவி நழுவி ஓடியது. மூன்றாவது முறை தரையில் விழுந்தபோது நான் குனிந்து எடுத்து மேஜையில் வைத்தேன்.

"நீயே மாட்டிப் பாரேன்" என்றார்.

கைகள் மேஜைக்குப் போய்விட்டன. பிறகு எனக்கு நினைவு வந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்னாச்சு?"

"எனக்கு இங்க வேலை செய்யப் பர்மிஷன் இல்ல."

"ஒரு ஸ்பிரிங்தானே? சரி, இப்படி வெச்சுக்கலாம். சனிக்கிழமை மட்டும் வா. சம்பளம் தரேன். உன்ன மாதிரி ஒரு ஆள் எனக்கு வேணும், நெஜமாவே வேணும்."

"சம்பளம் வாங்கினாலும் தப்பு, வாங்காம செஞ்சாலும் தப்பு. என் விசா அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும்தான்."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அப்போ, நீ துப்பாக்கி வாங்கலாம். ஆனா ரிப்பேர் பண்ணக் கூடாது?"

"என்னோடதைப் பண்ணலாம். உங்களோடதைப் பண்ணக் கூடாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில், எனக்குப் பிடித்த வேலை ஒரு மேஜை நிறையப் பரந்து கிடந்தது. அதைச் செய்யச் சொல்லி ஒருவர் கேட்கவும் செய்கிறார். ஹூஸ்டன் கம்பெனி விலகியபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. மகளைக் கூப்பிட நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு வந்து, பார்க்கிங்கில் காரை ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போனேன். அவர் வேறொருவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். ராணுவத்திலிருந்து வந்தவராம், நல்ல கைவேலைக்காரராம்.

ஒருவழியாக நீட்டிப்பு வந்தது. கடையில் திரும்பப் படிவம், திரும்பக் காத்திருப்பு, கடைசியில் ஒரு மதியம் கடையிலிருந்து போன். பெட்டியைக் கையில் கொடுத்தபோது ஏப்ரன்காரர், "உன் பேரை எப்படி எழுதறதுன்னு இப்பவாவது சொல்லு" என்றார். சொன்னேன்.

ரேஞ்சுக்குக் கணவரும் வந்தார். எனக்குப் பின்னால், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், காதுக் கவசத்தோடு நின்றார். முதல் தடவை சுத்தியலை இழுத்தேன். டிரிகரைத் தொட்டதும் அது கையை உதைக்காமல், உள்ளங்கைக்குள் மேல்நோக்கி உருண்டது. புகை, வெடிமருந்து வாசனை, தூரத்துக் காகிதத்தில் ஓர் ஓட்டை. அடுத்ததைச் சுட அவசரமே இல்லை. கட்டைவிரல் மறுபடி மேலே போய், இழுத்து, சொடுக்குகள் அடங்கி, மூச்சைப் பிடித்த பிறகுதான். அந்த நிதானம் முழுக்க என்னுடையது. அன்று நான் அழுதேன் என்பதைக் கணவர் கவனித்தாரா என்று தெரியாது. கண்ணுக்கும் கவசம் இருந்தது.

வெளியே வந்தபோது, "குடு, எவ்ளோ வெயிட்டுன்னு பாக்கறேன்" என்று கையை நீட்டினார்.

"தொடக்கூடாதுங்க. உங்களுக்கு லைசன்ஸ் இல்ல."

நீட்டின கையை அப்படியே பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். "அதுக்கும் நான் உன்னைத்தான் டிபென்ட் பண்ணணுமா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் துப்பாக்கியைப் பெட்டியோடு டிக்கியில் வைத்துப் பூட்டினேன்.

லைசன்ஸ் ஒரு வருடம்தான் செல்லும். அது தீர்ந்தால் என் வீட்டுப் பெட்டியில் இருக்கிற என் பொருளே எனக்குக் குற்றமாகிவிடும். அதனால் ஒவ்வொரு கோடை முடிவிலும் மான் சுடுகிற உரிமையைப் புதுப்பித்துக்கொள்கிறேன். இந்த வருடம் கவுன்ட்டரில் இருந்த அம்மாள், "போன சீசன் எப்படி, ஏதாவது கிடைச்சுதா?" என்று அன்பாகக் கேட்டார். இல்லை என்றேன். "இந்தத் தடவை கண்டிப்பாக் கிடைக்கும்" என்று வாழ்த்தினார்.

மகளுக்குப் பதினைந்து முடிந்து லேர்னர்ஸ் பர்மிட் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்காருகிறேன். போன வாரம் முதல் தடவையாக ஃப்ரீவேயில் ஏறினாள். ஏறின பயம் தெளிந்ததும், சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, எனக்கு இருபத்தொண்ணு ஆனதும் உங்க ரெண்டு பேருக்கும் நானே கிரீன் கார்டு அப்ளை பண்ணலாமாமே? அப்பா சொன்னார்."

"ஆமா. நீ இங்கயே பொறந்த சிட்டிசனாச்சே."

"உங்க லைனை விட அது சீக்கிரம் வந்துடுமா?"

"வந்துடும்னுதான் தோணுது."

கொஞ்ச தூரம் ஓட்டினாள். "நான் சைன் பண்றேன். ஆனா அன்னிக்கு அதை வித்துடணும்."

இதை எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாளோ. குரலில் கோபம் இல்லை. விலை பேசுகிற குரல்தான், என்னிடமிருந்து வந்ததாக இருக்கலாம். அன்றைக்கு எனக்கு வேறு வேலை கிடைக்கலாம், யாருடைய மேஜையிலும் கை வைக்கலாம். அதற்கான சாவி இந்தப் பெண்ணிடம் இருக்கிறது. அவள் கேட்பதும் நான் ஆசைப்பட்டு எடுத்த அந்த ஒன்றைத்தான்.

"அப்போ பாத்துக்கலாம்டா" என்றேன்.

"பாத்துக்கலாம் எல்லாம் வேணாம். யெஸ் ஆர் நோ."

முன்னால் போன லாரி பிரேக் போட்டது. "மெதுவா, மெதுவா" என்றேன். அவள் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியைப் பார்த்து, திரும்பி ஒரு தடவை பார்த்து, ஒழுங்காகப் பக்கத்து லேனுக்கு மாறினாள். நான் பதில் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு ஓட்டினாள்.